சேலத்து வக்கீல், சேலத்து சேர்மன்: ராஜாஜியின் முதல் நாற்பது வயது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜாஜி என்றதும் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியும் மூதறிஞர் பட்டமும்தான் பலருக்கு நினைவில் வரும். சேலம் கோர்ட்டில் வாதாடிய சி. ராஜகோபாலாச்சாரியை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தச் சேலத்துக்காரரைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தும் நடுநடுவே வரும்.

கவர்னர் ஜெனரலாக இருந்தவரைப் போய் உள்ளூர் அரசியல்வாதி என்கிறீர்களே?

வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10. சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கியது 1900இல். ஊரை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தது 1919இல். அதாவது நாற்பது வயதுவரை அவர் ஒரு மாவட்டத் தலைநகரத்து வக்கீல். அதில் எட்டு வருடம் நகராட்சியோடு தொடர்புடையவர். சத்தியாகிரகம், சிறை, சென்னை மாகாணப் பிரதமர் பதவி (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), ராஷ்டிரபதி பவன் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை.

வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் பத்தொன்பது வருடமும் பெரும்பாலும் ஓரிரு அத்தியாயத்தில் முடிந்துவிடும். எனக்கு அதில்தான் குறை. பின்னாளில் அவர் ஜெயித்த விதமும் தோற்ற விதமும் சேலத்தில் பழகிய பழக்கம். கீழே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

சொந்த ஊர் சேலமா?

இல்லை. ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். அன்று அதெல்லாம் சேலம் ஜில்லா. அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார், தொரப்பள்ளியின் முன்சீப். சிலர் இதைப் படித்துவிட்டு 'நீதிபதியின் மகன்' என்று எழுதிவிடுகிறார்கள். கோர்ட்டில் உட்காரும் மாவட்ட முன்சீப் வேறு, கிராம முன்சீப் வேறு. கிராம முன்சீப் என்பவர் ஊரில் வரி வசூலிப்பார், சில்லறைத் தகராறுகளைத் தீர்ப்பார், சர்க்காருக்குப் பதில் சொல்வார். ஊருக்குள் மதிப்பு உண்டு. பெரிய வருமானம் கிடையாது.

என்ன படித்தார்? சேலத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்?

ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ., பிறகு சென்னையில் சட்டம். சேலம் ஜில்லா கோர்ட் இருந்த ஊர். ஓசூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மாவட்டத்தின் எந்த மூலையில் பெரிய வழக்கு எழுந்தாலும் அங்கேதான் வந்து சேரும். சென்னையில் பெரிய பெயர்களுக்குக் கீழே ஜூனியராகக் காத்துக்கிடப்பதைவிடச் சொந்த ஜில்லாவில் பலகை மாட்டுவது ஒரு கிராமத்துப் பையனுக்கு இயல்பான முடிவு.

வக்கீலாக அவர் எப்படி?

நன்றாகச் சம்பாதித்த வக்கீல். கிரிமினல் வழக்குகளில் பெயர் வாங்கியவர், குறிப்பாகக் குறுக்கு விசாரணையில். மொஃபசல் கோர்ட்டில், அதாவது சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டக் கோர்ட்டில், கிரிமினல் வக்கீலாகப் பிழைக்க ஆங்கிலம் மட்டும் போதாது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் விவசாயி, தலையாரி, சந்தை வியாபாரி. அவர் பேசும் தமிழில், அவருக்குப் புரியும் அளவில், ஒரு வரிக்கு மிகாமல் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி நீண்டால் சாட்சி தப்பித்துவிடுவார்.

பின்னாளில் ராஜாஜி எழுதிய தமிழைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். சின்னச் சின்ன வாக்கியம், அலங்காரம் கிடையாது, ஒரு வரியில் ஒரே செய்தி. அது இலக்கியப் பயிற்சியில் மட்டும் வந்த நடை என்று எனக்குத் தோன்றவில்லை. பாதி சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று வந்தது.

அவருக்கு முன்பே சேலத்தில் வக்கீல் அரசியல் இருந்ததா?

இருந்தது, அதுவும் பலமாக. சி. விஜயராகவாச்சாரியார் என்ற பெயரைச் சேலத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 1882இல் சேலத்தில் நடந்த கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்து விடுதலை ஆனார். அந்த வழக்கைக் காரணம் காட்டி நகராட்சி உறுப்பினர் பதவியைப் பறித்ததற்கு எதிராகவும் சர்க்கார்மேல் வழக்காடினார். ஒரு நகராட்சி உறுப்பினர் வெள்ளைக்கார சர்க்காரைக் கோர்ட்டுக்கு இழுத்த ஊர் சேலம்.

1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியான மாநாடு அது. தலைவருக்கே அதில் முழு உடன்பாடு கிடையாது. சேலத்தின் மூத்த வக்கீல் தயங்கி நின்ற இடத்தில், அடுத்த தலைமுறை சேலத்து வக்கீல் தொழிலையே தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

நகராட்சிக்கு எப்போது வந்தார்?

1911இல் சேலம் நகராட்சி உறுப்பினர். 1917 முதல் 1919 வரை சேர்மன். அதற்கு முன்பே 1906 கல்கத்தா காங்கிரசுக்கும் 1907 சூரத் காங்கிரசுக்கும் போய் வந்திருந்தார். தேசிய அரசியல் தெரியாமல் நகராட்சிக்குள் நுழைந்தவர் இல்லை. சூரத்தில் கட்சி இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சாக்கடையும் தெருவிளக்கும் கவனிக்கும் வேலைக்குப் போனார்.

அந்தக் காலத்து சேர்மனுக்கு என்ன அதிகாரம்? இன்றைய மேயர் மாதிரியா?

இன்றைய மேயரைவிட ஒருவிதத்தில் அதிகம், ஒருவிதத்தில் குறைவு.

1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டம்தான் அப்போது நடப்பில் இருந்தது. உள்ளாட்சிக்கு வழிவிட்ட வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த சட்டம். இன்றைக்கு நகராட்சியில் ஒரு ஆணையர் இருப்பார். கோப்பு அவர் வழியாகத்தான் நகரும். மன்றம் தீர்மானம் போடும். அன்று சென்னை மாகாணத்து நகராட்சிகளில் ஆணையர் பதவி வரவில்லை. சேர்மனே நிர்வாகத் தலைவர். கூட்டத்தை நடத்துவதும் அவர், மறுநாள் காலை அதை நிறைவேற்றுவதும் அவர். ஓவர்சியர், சானிட்டரி இன்ஸ்பெக்டர், வரி வசூலிப்பவர் எல்லாரும் அவரிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

குறைவு எதில் என்றால், மேலே கலெக்டர் இருந்தார். நகராட்சித் தீர்மானத்தை நிறுத்திவைக்கும் கை சர்க்காருடையது. ஓட்டும் எல்லாருக்கும் கிடையாது; வரி கட்டும் சொத்துக்காரர்கள், படித்தவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம்தான் தேர்ந்தெடுத்தது. அதனால் சேர்மன் பதில் சொல்ல வேண்டியது ஊரின் பெரிய மனிதர்களுக்கு. பெரிய மனிதர்களுக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்கிற சேர்மன் அபூர்வம்.

சேர்மனாக அவர் செய்ததில் குறிப்பிடத்தக்கது எது?

என்னைக் கேட்டால் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். சேலம் நகராட்சிக்கு முதன்முதலாக ஒரு தலித் உறுப்பினர் தேர்வாகக் காரணமாக இருந்தார்.

இன்று படிக்கும்போது ஒரு வரிச் செய்தி. அன்று அதன் எடை வேறு. மேலே சொன்ன அதே சின்ன வாக்காளர் கூட்டம், அதில் பெரும்பாலும் சாதி இந்துக்கள். மன்றக் கூட்டம் என்றால் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே மேசை. தெருவில் எதிரே வந்தால் விலகிப் போ என்று சொல்லிப் பழகியவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை 'கனம் உறுப்பினர்' என்று விளிக்க வேண்டும். 1939 மதுரைக் கோயில் நுழைவுக்கு இருபது வருடம் முன்னால் நடந்தது இது. செய்தவர் வைதிக ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். சொந்தச் சாதியாரிடம் நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. இதற்காக அவர் ஊர்வலம் போகவில்லை, மேடை போடவில்லை. இருக்கிற சட்டத்துக்குள் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வக்கீல் வேலை.

குடும்பம்?

1897இல் அலமேலு மங்கம்மாவை மணந்தார். மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். 1916இல் அலமேலு மங்கம்மா இறந்துவிட்டார். ராஜாஜிக்கு அப்போது 37 வயது, மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத ஐந்து பிள்ளைகளையும் கோர்ட்டையும் வைத்துக்கொண்டுதான் மறுவருடம் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி மகள் லட்சுமி பின்னாளில் காந்தியின் மகன் தேவதாசை மணந்தது தெரிந்த செய்தி.

தமிழில் அறிவியல் சொற்கள் உருவாக்கினாராமே, அது எந்தக் காலத்தில்?

இதே சேலத்துக் காலத்தில்தான். 1916இல் தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் உண்டாக்க ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடிய சங்கம். பல்கலைக்கழகமும் இல்லை, சர்க்கார் மானியமும் இல்லை; ஒரு மாவட்டத் தலைநகரத்தில் கோர்ட்டு நேரம் போக மிச்ச நேரத்தில் நடந்த வேலை.

1938இல் 'தமிழுக்கு எதிரி' என்று அவரை ஊர் ஊராகத் திட்டினார்கள். திட்டியவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் வேதியியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பிப் பட்டியல் போட்டவரும் அதே ஆள்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க முடியும்.

பெரியாரும் அவரும் நகராட்சி மூலமாகத்தான் நண்பர்கள் ஆனார்களா?

ஏறக்குறைய அப்படித்தான். ராஜாஜி சேலத்தில் சேர்மனாக இருந்த அதே காலகட்டத்தில் ஈ.வெ. ராமசாமி ஈரோட்டு நகராட்சி சேர்மன். இருவருக்கும் பொதுவான நண்பர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. நாயுடுமேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. ராஜத்துரோக வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பது சர்க்கார். அதே சர்க்காரின் கண்காணிப்பில்தான் நகராட்சியும் நடந்தது. சங்கடம் இருக்கத்தான் செய்திருக்கும். இருந்தும் போய் நின்றார்.

ஈரோட்டு சேர்மன் 1919இல் பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசுக்கு வந்ததில் ராஜாஜிக்கும் பங்கு உண்டு. ஒருவர் வியாபாரி, இன்னொருவர் வக்கீல். ஒருவர் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவர், இன்னொருவர் சொல்வதற்கு முன் மூன்று பக்கமும் யோசிக்கிறவர். கட்சி பிரிந்தது, கொள்கை எதிரும் புதிருமானது, ஒருவர் ஆட்சியில் இன்னொருவர் சிறைக்குப் போனார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, நடக்க முடியாத 93 வயதில் சக்கர நாற்காலியில் வந்து அழுதார் பெரியார். இரண்டு பழைய சேர்மன்களுக்குள் இருந்தது என்னவோ, அரசியல் கட்டுரைகளில் அகப்படாதது.

நன்றாக ஓடிய தொழிலை விட்டு ஏன் சேலத்திலிருந்து கிளம்பினார்?

'இந்து' நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்கார் போன்ற நண்பர்கள் வற்புறுத்திச் சென்னைக்கு அழைத்தார்கள். அங்கே தொழிலும் நடத்தலாம், பொதுவாழ்விலும் பெரிய அளவில் இறங்கலாம் என்பது கணக்கு. 1919 தொடக்கத்தில் கதீட்ரல் சாலையில் ஐயங்காருக்குச் சொந்தமான பங்களாவில் குடியேறினார்.

வந்து கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார்: காந்தி. அதில் ஒரு வேடிக்கை. தன்னை வீட்டில் வைத்து உபசரிப்பவர் கஸ்தூரிரங்க ஐயங்கார் என்றே காந்தி இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் உபசரித்த ராஜாஜி கூச்சப்பட்டு ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாராம். காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாய்தான், இந்த மனிதரை விட்டுவிடாதீர்கள் என்று காந்தியிடம் எடுத்துச் சொன்னார். இதைக் காந்தியே எழுதிவைத்திருக்கிறார். விசாரணையில்லாமல் சிறைவைக்க வழி செய்த ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை அந்த வீட்டில் தூங்கும்போதுதான் காந்திக்குக் கனவுபோல வந்தது. விடிந்ததும் அதை முதலில் கேட்டவர் ராஜாஜி. 1919 ஏப்ரல் 6 ஹர்த்தாலுக்கு விதை விழுந்தது அங்கே.

சேலம் கோர்ட்டில் சாட்சிகளை வறுத்தெடுத்தவர் சொந்த வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கூச்சமுள்ளவர்கள் கறுப்புக் கோட்டைப் போட்டதும் வேறு ஆளாகிவிடுவதைக் கோர்ட் வளாகத்தில் இன்றும் பார்க்கலாம்.

தொழிலை எப்போது முழுசாக விட்டார்?

ஒத்துழையாமை இயக்கத்தின்போது. கோர்ட்டுகளைப் புறக்கணியுங்கள் என்று காந்தி சொன்னதும் சென்னையில் காலூன்ற வேண்டிய நேரத்தில் கோட்டைக் கழற்றினார். 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை வேலூர் சிறையில் இருந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பில் ஒரு பகுதி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும்: சுதந்திரம் வந்த உடனே தேர்தலும் அதன் ஊழலும், பணபலமும், நிர்வாகத் திறமையின்மையும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும் என்ற கருத்து.

தீர்க்கதரிசனம் என்று வியக்கிறார்கள். எட்டு வருடம் நகராட்சியைப் பார்த்தவருக்கு அதற்கு ஞானதிருஷ்டி தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். ஓட்டு எப்படி விழும், காண்ட்ராக்ட் யாருக்குப் போகும் என்பதெல்லாம் நகராட்சி வராண்டாவிலேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட கோர்ட் படி ஏறவில்லையா?

ஏறினார். இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த பதில் இது.

1925 வாக்கில் திருப்பதிக்கு அருகே திருச்சானூர் கோயிலுக்குள் ஒரு பக்தர் சாமி கும்பிடப் போய்விட்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். கோயிலைத் தீட்டுப்படுத்தினார், மதத்தை அவமதித்தார் என்று அவர்மேல் குற்றவியல் வழக்கு. கீழ்க்கோர்ட் தண்டித்துவிட்டது. விஷயம் ராஜாஜி காதுக்கு வந்தது.

கோர்ட்டைப் புறக்கணிப்பதாக ஊரறியச் சபதம் செய்தவர் அவர். அப்போது திருச்செங்கோடு பக்கத்து ஆசிரமத்தில் கதர் வேலை செய்துகொண்டிருந்தார். சபதமா, இந்த ஏழை பக்தரா என்று ஒரு கேள்வி. பக்தர் பக்கம் போனார். அப்பீலில் சித்தூரில் போய் வாதாடினார். சாமி கும்பிட வந்தவரிடம் மதத்தை அவமதிக்கும் எண்ணம் எங்கே இருந்தது? எண்ணம் இல்லாமல் குற்றம் எங்கே இருந்து வந்தது? குற்றத்துக்கு வேண்டிய அம்சங்கள் நிரூபிக்கப்பட்டனவா என்று பார்க்கும் சாதாரண கிரிமினல் வக்கீல் வாதம்தான். விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

சபதத்தை மீறினாரே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. காந்தி தம் பத்திரிகையில் அவர் செய்தது சரி என்றே எழுதினார்.

சேலம் ஜில்லாவோடு உறவு அத்துடன் முடிந்ததா?

முடியவே இல்லை. 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். சுற்றுவட்டாரத்தில் பஞ்சம், நூற்பவர்களுக்கு ஆசிரமம் வேலை கொடுத்தது. மதுவிலக்குப் பிரசாரத்துக்கு 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது.

1937இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனதும் மதுவிலக்கை எங்கே தொடங்கினார்? அதே சேலம் ஜில்லாவில், 1937 அக்டோபர் 1 அன்று. எடுத்த எடுப்பில் மாகாணம் முழுக்கச் சட்டம் போடாமல், தனக்குத் தெருத்தெருவாகத் தெரிந்த ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தார். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார், இந்தியாவிலேயே முதல்முறை. ஒரு பக்கம் செலவு வந்தால் மறு பக்கம் வரவைக் காட்டு என்பது நகராட்சிப் பட்ஜெட் கூட்டத்தில் கற்ற பாடம். (இன்று ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் இந்தத் தகவலை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.)

வக்கீல் மூளை ஆட்சிக்கு உதவியதா, கெடுத்ததா?

இரண்டும்.

உதவியதற்கு நல்ல உதாரணம் 1939 கோயில் நுழைவு. ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித் மக்களையும் நாடார்களையும் அழைத்துக்கொண்டு போனவர் ஏ. வைத்தியநாத ஐயர், அவரும் வக்கீல். போனவர்கள்மேலும் உள்ளே விட்ட அதிகாரிகள்மேலும் அன்றிருந்த சட்டப்படி வழக்கு வரலாம். திருச்சானூர் வழக்கை நடத்தியவருக்கு அது தெரியாதா? உடனே அவசரச் சட்டம், பிறகு முறையான சட்டம். சட்டத்தின் பெயரிலேயே கோயில் நுழைவு அனுமதியோடு, வழக்கு வராமல் காக்கும் பாதுகாப்பும் சேர்ந்திருந்தது. நடந்தது நடந்துவிட்டது, நடத்தியவர்களைக் காப்பாற்று. கட்சிக்காரரைக் காப்பாற்றும் கை அது.

கெடுத்ததற்கு உதாரணம் இந்தி. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி ஆணை வந்தது. அவர் தரப்பு வாதத்தைப் படித்தால் ஒழுங்காகத்தான் இருக்கும்: மூன்று வகுப்புக்கு மட்டும், தமிழுக்குக் குறைவு இல்லை, எதிர்காலத்துக்கு உதவும். கோர்ட்டில் ஜெயிக்கும் வாதம். தெருவில் தோற்றது. மறியல் செய்தவர்கள்மேல் குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவினார். காங்கிரசையே அடக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த சட்டம். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். ஈரோட்டுப் பழைய சேர்மனும் சிறைக்குள். ராஜத்துரோக வழக்கில் சர்க்காருக்கு எதிராக நின்று வாதாடிய மனிதர் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றுகிறது.

1952இல் முதலமைச்சர் ஆனபோதும் அதே கதை. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152தான். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை; ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அந்த வழியாக முதல்வர் ஆனார். சட்டப்படி சரி. பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அடுத்த வருடம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று கல்வித் திட்டம் கொண்டுவந்தார். யாரையும் பெரிதாகக் கலந்து பேசவில்லை. ஊர் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த அன்றே திட்டம் செத்துவிட்டது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வர்.

வாதம் சரியாக இருந்தால் ஜட்ஜ் தீர்ப்புக் கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை என்று நினைக்கிறேன். சேலத்தில் அவர் முன்னால் இருந்தது ஒரு ஜட்ஜும் ஒரு சின்ன வாக்காளர் கூட்டமும். இரண்டுமே வாதத்தைக் கேட்கும். வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு வந்த பிறகு அந்தக் கணக்கு பலிக்கவில்லை. காமராஜர் சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்வார்.

இன்றும் ஒரு வக்கீல் கவுன்சிலராகவோ மேயராகவோ இருந்துகொண்டு வாதாட முடியுமா?

பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் தொழில் செய்யக்கூடாது. கவுன்சிலர் பதவி அந்த மாதிரி வேலை இல்லை. தமிழ்நாட்டில் அதற்குக் கிடைப்பது மதிப்பூதியம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வக்கீல் தொழில் செய்வதைத் தடுக்க வேண்டும் என்ற மனுவை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பவர் அந்த நிறுவனத்துக்காகவோ எதிராகவோ ஆஜராகக்கூடாது என்றும் விதி உண்டு. தன் நகராட்சிமேல் வரும் சொத்துவரி வழக்கில் வக்காலத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

அந்தக் காலத்து அடையாளம் ஏதாவது நேரில் பார்க்கக் கிடைக்குமா?

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஓசூரிலிருந்து போய்வருவது சுலபம். புதுப்பாளையத்து ஆசிரமம் இன்றும் இருக்கிறது, கதரும் கிடைக்கும். சென்னைக் கிண்டியில் நினைவாலயம் உண்டு, ஆனால் அது பெரிய பதவிகளின் ராஜாஜிக்கு. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் தொரப்பள்ளிக்குப் போங்கள். வீட்டு அளவைப் பார்த்தாலே கிராம முன்சீப் யார், மாவட்ட முன்சீப் யார் என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.